ஆறாத பொனட்

விடிந்தும் விடியாத நேரத்தில் காரின் பொனட் சூடாக இருந்தது.

மாத்தளை கொங்காவெலையில் பனி நன்றாக இறங்கிய காலை அது. மதில் நனைந்திருந்தது. கொய்யா மரம் சொட்டிக்கொண்டு நின்றது. சுபஹு தொழுதுவிட்டு வந்ததும் மனைவியின் முகத்தைப் பார்க்கும் முன்பே ஜவாஹிர் போய்ப் பார்க்கிற அந்தக் கருநீல பீ.எம்.டபிள்யூவின் கூரையும் கதவுகளும் டிக்கியும் முத்து முத்தாக வியர்த்திருந்தன. பொனட் மட்டும் காய்ந்து கிடந்தது. துடைக்கக் கொண்டுபோன துணியைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளங்கையை வைத்தான். அடுப்பிலிருந்து இறக்கிய கேத்தலின் சூடு அல்ல அது. சற்று முன்புவரை யாரோ தலை வைத்துப் படுத்திருந்த தலையணையின் சூடு.

காரை யாரும் எடுத்துப் போயிருக்க முடியாது. அது ஓடுவதற்கு வேண்டிய ரோட்டர் அவன் சட்டைப் பையில் இருந்தது. இப்போது சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் அந்த வருடங்களில் மாத்தளையில் கார் வைத்திருந்தவர்கள் எல்லாரும் செய்த வேலைதான். இரவில் கதவைத் தட்டிச் சாவி கேட்கிறவர்கள் எந்தப் பக்கத்து ஆட்கள், பட்டாளமா கிளர்ச்சிக்காரரா என்று யோசிப்பதற்குள் கார் போய்விடும். அதனால் பொழுது பட்டதும் பொனட்டைத் திறந்து, உள்ளே சுழல்கிற கட்டைவிரல் அளவு ரோட்டரைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோய்விடுவார்கள். அது இல்லாமல் எஞ்சின் பற்றவே பற்றாது. தொண்ணூற்றொன்றில் ஊர் ஒருவாறு அடங்கிய பிறகும் ஜவாஹிர் அந்தப் பழக்கத்தை விடவில்லை. தலையணைக்குக் கீழே வைத்துத்தான் தூங்குவான். "மத்தவங்க இஸ்ம் எழுதின தாயத்துக் கட்டித் தூங்குவாங்க, இவரு ரோட்டரக் கட்டிக்கிட்டுத் தூங்குறாரு" என்று அவன் மனைவி ஸரீனா சொல்லாத ஆள் தெருவில் இல்லை.

தொழில் என்று பார்த்தால் அவனுக்கு மிளகும் கராம்பும்தான். கடையும் உண்டு. ஆனால் கடைக்குப் போய் மிளகு விலை கேட்டவர்கள் இரட்டைக் கார்புரேட்டரை எப்படிச் சமன் செய்வது என்று கற்றுக்கொண்டு திரும்பினார்கள். பழைய பீ.எம்.டபிள்யூ ஒன்றைத் தேடிப் பிடிப்பான், ஒரு வருடம் அதன் கீழே படுத்துக் கிடப்பான், புதுப் பெண்போல் ஆக்குவான், பிறகு விற்பான். விற்ற அன்று சோறு இறங்காது. முன்பு விற்ற ஒன்றைக் கண்டி வீதியில் சேற்றோடு கண்டுவிட்டு, பஸ்ஸிலிருந்து இறங்கி வாங்கியவனோடு சண்டை பிடித்தவன். தெரு அவனுக்கு பீ.எம். ஜவாஹிர் என்று பெயர் வைத்ததில் அவனுக்கு உள்ளுக்குள் பெருமைதான்.

இந்தக் கருநீலம் நாவுலப் பக்கத்தில் ஒரு தோட்டத்துக் கொட்டிலில் கிடந்தது. ஆட்கள் இரவோடு இரவாகக் காணாமல்போன எண்பத்தொன்பதில் எந்தக் கார் யார் கையில் இருந்தது, எதை ஏற்றிக்கொண்டு எங்கே போனது என்றெல்லாம் கேட்கிற வழக்கம் அப்போது யாருக்கும் இல்லை. ஜவாஹிரும் கேட்கவில்லை. விற்றவன் சாவியைக் கையில் தராமல் மதில்மேல் வைத்துவிட்டு நகர்ந்து நின்றான். முன் சீட் துணி நைந்திருக்க, பின் சீட்டுக்கு மட்டும் புத்தம் புதுத் துணி தைத்திருந்தது. வேறு யாராவது என்றால் அது ஏன் என்று நினைத்திருப்பார்கள். நம் ஆள், ஒரு செலவு மிச்சம் என்று நினைத்தான்.

காரில் எதையோ முதலில் கண்டது அவர்களின் குழந்தை. தவழத் தொடங்காத பிள்ளை, யாரைக் கண்டாலும் உம்மென்று இருக்கும் பிள்ளை, ஸரீனாவின் இடுப்பில் இருந்துகொண்டு காரின் பின்கண்ணாடியைப் பார்த்துச் சிரித்துக் கையாட்டியது. அடுத்த நாளும் ஆட்டியது. மூன்றாம் முறை, கை ஆட்டிவிட்டு, எதிரே ஒருவர் ஆட்டி முடிக்கும்வரை காத்திருப்பதுபோல் பார்த்துக்கொண்டே இருந்தது. ஸரீனா அன்றைக்கே பெட்டியைக் கட்டினாள். 

"அந்தக் கார் இந்த முத்தத்துல ஈக்கிற வரைக்கும் நான் அக்குறணையில உம்மா ஊட்டுலதான் ஈப்பேன். அது போனா நானும் புள்ளையும் வாற. போகாட்டி நீங்க அதோடயே குடும்பம் நடத்துங்க."

கார் முற்றத்தை விட்டுப் போகவேண்டும். அவ்வளவுதான் விஷயம். அதில்தான் சிக்கல்.

பழைய கார் வாங்க வருகிறவன் முதலில் கதவைத் திறப்பதில்லை. பொனட்டில் கை வைத்துப் பார்ப்பான். குளிர்ந்த எஞ்சினில்தான் அதன் நோய் தெரியும். விற்பவன் முன்கூட்டியே ஓடவிட்டுச் சூடாக்கி வைத்திருந்தால் ஏதோ மறைக்கிறான் என்று அர்த்தம். காலையிலேயே வந்த பதுர்தீன் ஹாஜியார் கை வைத்தார். கையை எடுத்தார். ஒரு சிரிப்புச் சிரித்தார்.

"வெள்ளனவே எங்கயோ போய் வந்த போல?"

"இல்ல ஹாஜியார், ராத்திரி முழுக்க முத்தத்துலதான் ஈந்திச்சி."

"அப்ப காச்சலாக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனவர்தான்.

அன்றிரவு ஜவாஹிர் தூங்கவில்லை. பயம் என்று அவன் ஒப்புக்கொள்ளவில்லை. ஏதோ எண்ணெய்க் கோளாறு என்று சொல்லிக்கொண்டான். எந்த எண்ணெய்க் கோளாறு நின்ற எஞ்சினைச் சூடாக்கும் என்று அவனைவிட நன்றாகத் தெரிந்தவர் மாத்தளையில் இல்லை. 

அடுத்த நாள், அவன் அக்கா முறையில் தாத்தா என்று கூப்பிடும் எதிர்வீட்டு நூருன்னிஸா, ஜன்னல் சீலையை ஒதுக்குவதையே தொழிலாகக் கொண்டவள், ரோட்டிலேயே மறித்துக்கொண்டாள்.

"தம்பி, ஸரீனா இல்லாத நேரம் பாத்து ராவைக்கு எங்க போய் வாற?"

"நான் எங்கயும் போகல தாத்தா."

"எனக்கே செல்றியா? பாங்குக்கு முந்தி கார் வந்து நின்டிச்சி. லைட்டும் போடல்ல. பின் சீட்டு நெறய ஆக்கள். யாரப்பா அவங்க? எறங்கின போலயும் தெரியல்லயே."

உக்குவளையில் அவனுக்கு இன்னொரு குடும்பம் இருக்கிறது என்று அன்று மாலைக்குள் தெரு முடிவு செய்தது. பிள்ளைகளுக்குப் பெயர்கூட வைத்துவிட்டார்கள். ஜவாஹிருக்கு அது உண்மையாக இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று இருந்தது.

சிவலிங்கத்தை அவன் வேண்டுமென்றே மாலையில் வரச் சொன்னான். அதற்குள் பொனட் ஆறிவிடும். ரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் உத்தியோகம் பார்ப்பவர், ஜவாஹிரை அண்ணன் முறையில் நானா என்பவர். பழைய ஒஸ்டின் ஒன்றை மகள்போல் வளர்த்தவர். கார் என்றால் காதும் மூக்கும் நீண்டுவிடும் மனிதர். கை வைத்தார். குளிர்ந்திருந்தது. ஜவாஹிர் ரோட்டரைப் பொருத்தியதும் சாவியைத் திருப்பினார். ஒரே திருப்பில் பற்றி, பூனைபோல் உறுமிக்கொண்டு நின்றது.

"அடேங்கப்பா! நானா, இத ஒரு ஏத்தம் ஏத்திப் பாக்கணுமே. ரிவர்ஸ்டன் மலைக்கு வுடுவமா?"

"வேணான்னா கேக்கவா போறீங்க" என்றான் ஜவாஹிர். இன்றைக்கே முடிந்துவிட வேண்டும். நாளைக் காலை அக்குறணைக்கு பஸ் ஏறவேண்டும். மனசுக்குள் அவன் ஏற்கெனவே ஏறி உட்கார்ந்துவிட்டான்.

ரத்தோட்டை தாண்டும்வரை வெயில் இருந்தது. சிவலிங்கம் ஓட்டினார், ஜவாஹிர் பக்கத்தில். வளைவுகள் தொடங்கியதும் மலைமேலிருந்து மூடுபனி இறங்கி, முதலில் தேயிலையை மறைத்தது, பிறகு பள்ளத்தை, பிறகு ரோட்டின் ஓரக் கற்களையும். காற்று பைன் மரங்களுக்குள் புகுந்து நீளமாக இழுத்து இழுத்து விட்ட சத்தம், கண்ணாடியை ஏற்றிய பிறகும் குறையவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அது வெளியிலிருந்து வரவில்லை என்று ஜவாஹிருக்குப் பட்டது. மழையில் நனைந்த மண்ணின் வாசம். அதற்கடியில், ரோட்டோரங்களில் எண்பத்தொன்பதில் ஊரே மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்துபோன, பிணங்களோடு டயர் எரிந்த அந்த நாற்றம், மிக லேசாக.

சிவலிங்கம் கியரை ஒன்று குறைத்தார். வளைவில் திருப்பும்போது ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தார்.

"நானா, பின்னுக்கு என்னா ஏத்தி வச்சிருக்கீங்க?"

"ஒன்னுமில்லையே."

"வண்டி குந்துதே. முன்பக்கம் லேசா தூக்குது. பத்து மூட்ட தேத்தூள் ஏத்துன மாதிரி."

ஜவாஹிருக்கும் அது தெரிந்திருந்தது. மலையேறத் தொடங்கியதிலிருந்தே தெரிந்திருந்தது. ஒரு வருடம் அதன் கீழே படுத்துக் கிடந்தவன் அல்லவா. பின் ஸ்ப்ரிங் எவ்வளவு பாரத்துக்கு எவ்வளவு அமுங்கும் என்று அவன் முதுகுக்கே தெரியும். 

கண்ணாடியில் பின்னால் பார்த்தான். பின்கண்ணாடியும் பக்கக் கண்ணாடிகளும் உள்ளேயிருந்து வெண்மையாகப் படிந்திருந்தன. முன் கண்ணாடி தெளிவாக இருந்தது. இரண்டு பேர் மூச்சுவிடும் இடம் தெளிவாகவும், யாருமில்லாத இடம் மூச்சுப் படிந்தும்.

"நிப்பாட்டுங்க" என்றான்.

இருவரும் இறங்கினார்கள். காற்று ஆளைத் தள்ளியது. சிவலிங்கம் டிக்கியைத் திறந்தார். வெறும் கம்பளம், ஸ்பெயார் வீல், வேறொன்றுமில்லை. மூடியின் உட்பக்கம் ஒரு குமிழைத் திருகியதும் ஒரு தட்டு கீழே விழுந்து திறந்தது. கார் செய்த இடத்திலேயே வைத்து அனுப்பிய ஸ்பேனர்களும் திருப்புளிகளும், ஒவ்வொன்றும் அதற்கென்று வெட்டிய பள்ளத்தில், ஒன்றுகூடக் குறையாமல். கார் பைத்தியங்கள் இதற்காகக் காரையே வாங்குவார்கள்.

"முழுசா இருக்குங்களே!" என்றார் சிவலிங்கம், பயத்துக்கு நடுவிலும். பிறகு அவர் பார்வை கீழே இறங்கியது. டிக்கி வெறுமையாகத்தான் இருந்தது. ஆனால் கார் இன்னும் குந்திக்கொண்டுதான் நின்றது. அவர்கள் பார்க்கப் பார்க்க அது ஒரு பக்கமாகச் சரிந்து, பிறகு நேரானது. உள்ளே யாரோ புரண்டு படுத்ததுபோல.

சிவலிங்கம் டிக்கியை மெதுவாக, மரியாதையாக மூடினார். "நானா, கோவிச்சிக்காதீங்க. நான் இத எடுக்கல."

நல்ல வேளையாக இலுக்கும்புரப் பக்கமிருந்து மரக்கறி லொறி ஒன்று லைட் போட்டுக்கொண்டு இறங்கி வந்தது. ஓட்டி வந்தவர் சிவலிங்கத்துக்குத் தெரிந்த மாடசாமி. சிவலிங்கம் முன்னால் ஏறி, கதவைத் திறந்து பிடித்தார். 

"ஏறுங்க நானா. வண்டி கெடக்கட்டும். சாவிய அதுலயே வுட்டுட்டு வாங்க."

ஜவாஹிர் ஒரு காலைப் படியில் வைத்தான். லொறிக்குள் முட்டைக்கோவாவும் பீடியும் கலந்த மனித வாசம். அவ்வளவுதான், முடிந்துவிட்டது. கார் முற்றத்தில் இல்லை. காலையில் ஸரீனா, பிள்ளை. காரை யாராவது எடுத்துக்கொண்டு போகட்டும், பள்ளத்தில் தள்ளட்டும், துண்டு துண்டாகக் கழற்றட்டும்.

கழற்றட்டும் என்று நினைத்தபோதுதான் அந்தத் தட்டு ஞாபகம் வந்தது.

அந்த நேரத்திலும் அவன் அதற்காகத் திரும்பிப் போனான் என்று ஸரீனாவிடம் சொன்னால் நம்புவாள். தெருவில் சொன்னாலும் நம்புவார்கள். வேறு எந்த ஊரிலும் யாரும் நம்பமாட்டார்கள். படியில் வைத்த காலை எடுத்தான்.

"ஒரு நிமிஷம். அந்த டூல்ஸ மட்டும் எடுத்துட்டு வாறேன். இலங்கையில தேடினாலும் கெடைக்காது."

"நானா! பைத்தியமா ஒங்களுக்கு?"

லொறியிலிருந்து கார் பத்தடிகூட இல்லை. பனிக்குள் அதன் பின்புறம் மட்டும் தெரிந்தது. ஓடிப்போய் டிக்கியைத் திறந்தான். கீழே பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய தேவையில்லை. குமிழைத் திருகினான். தட்டு முகத்துக்கு நேரே இறங்கியது. கீல் இறுக்கம். இரண்டு கையும் வேண்டும். இழுத்தான். வரவில்லை.

மாடசாமி ஹோர்ன் அடித்தார்.

ஒரு பக்கக் கீல் கழன்றது. மற்றது சிக்கிக்கொண்டது. காற்று நின்றுவிட்டது. பைன் மரங்கள் அசையவில்லை. ஆனால் அந்த இழுத்து இழுத்து விடுகிற சத்தம் நிற்கவில்லை. அது வயிற்றுக்கு நேரே இருந்தது. சட்டைத் துணி அதற்கேற்ப உள்ளே போய் வெளியே வந்தது. சூடாக. ஈரமாக.

ஹோர்ன். சிவலிங்கத்தின் குரல், எங்கோ தூரத்தில்.

ஜவாஹிர் கீழே பார்த்தான்.

ஆட்களை அடுக்கியிருந்தார்கள். முழங்கால்களை மடக்கி, ஒருவர் முதுகோடு ஒருவர் நெஞ்சாக. கைகள் எல்லாம் பின்னால் கட்டியிருந்தன. மண் ஒட்டிய தலைமுடி. ஒருவரும் அவனைப் பார்க்கவில்லை. முகங்கள் உள்பக்கம் திரும்பியிருந்தன. 

ஓட நினைத்தான். கை தட்டை விடவில்லை.

நிறைந்த பஸ்ஸில் வயதானவர் ஒருவர் ஏறினால் உட்கார்ந்திருப்பவர்கள் செய்வதுபோல, அவசரப்படாமல், முகம் திருப்பாமல், அவர்கள் நகர்ந்தார்கள். இந்தப் பக்கத்தார் இந்தப் பக்கம். அந்தப் பக்கத்தார் அந்தப் பக்கம். கார் மெல்ல ஆடி நின்றது. 

நடுவில் கம்பளம் தெரிந்தது. காய்ந்த கம்பளம். முழங்காலை மடக்கினால் அவன் உயரத்துக்குச் சரியாக இருக்கும்.