ஆறாம் சட்டத்துக்கு ஒரு வாசல்

எங்கள் பந்துச் சங்கத்தில் மொத்தம் ஒன்பது பேர். ஆட்டத்துக்குப் பக்கத்துக்கு நாலு பேர் போதும். மிச்சம் ஒருவன் நான். என்னைச் சேர்த்துக்கொண்ட பக்கம் எப்படியும் தோற்றுவிடும். அதனால் நியாயமாக இருக்கட்டும் என்று, இந்த ஆட்டத்தில் இந்தப் பக்கம், அடுத்த ஆட்டத்தில் அந்தப் பக்கம் என்று என்னை மாற்றி மாற்றி வைத்துக்கொள்வார்கள். என் பெயர் குமாரதாஸ். ஆனால் ஆட்டத்தின்போது யாரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. "லேய், தள்ளி நில்லு" என்பார்கள்.

ஆட்டம் எளிதுதான். தட்டையான கற்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, தூர நின்று பந்தால் எறிந்து சரிக்க வேண்டும். சரித்தவர்களே ஓடிவந்து அவற்றைத் திரும்ப அடுக்க வேண்டும். அடுக்கி முடிப்பதற்குள் மற்றப் பக்கத்தார் பந்தை எடுத்து முதுகில் எறிவார்கள். பட்டால் அவுட். பெரும்பாலும் என் முதுகில்தான் படும்.

எங்கள் ஊர் குலசேகரத்தில் பந்து வாங்கக் கடைக்குப் போகவேண்டியதில்லை. ரப்பர் மரத்தில் பால் வெட்டிய கீறலில் கொஞ்சம் பால் காய்ந்து நாடாபோல ஒட்டியிருக்கும். ஒட்டுப்பால் என்போம். அதை உரித்து, இழுத்து இழுத்துச் சுற்றினால் பந்து. நாற்றம் அதிகம். துள்ளல் அதைவிட அதிகம். எங்கள் பந்தைச் சுற்றியவள் குளோரி. அவளுடைய அம்மா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர். குளோரி எறிந்தால் குறி தப்பாது.

இது நடந்தது 1951-இல். அதற்கு முந்தின வருஷம் ஜனவரி மாதம் நாடு குடியரசானபோது, பள்ளிக்கூடத்தில் மிட்டாய் கொடுத்து, "நமக்கு நாமே சட்டம் எழுதிக்கொண்டோம்" என்று சொன்னார்கள். மிட்டாயை நாங்கள் உடனே முடித்துவிட்டோம். எங்கள் சங்கத்து லீலாபாய்க்கு மட்டும் அந்த வார்த்தை மனதில் நின்றுவிட்டது.

"நம்ம சங்கத்துக்கும் சட்டம் வேணும்" என்றாள்.

தோட்டத்து ஓரத்தில் ரப்பர் ஷீட்டுகளுக்குப் புகை போடும் பழைய கூடம் ஒன்று பாழாய்க் கிடந்தது. அதுதான் எங்கள் சபை. அதன் உள்சுவரில் லீலாபாய் கரிக்கட்டியால் ஆறு சட்டங்களை எழுதினாள். பக்கத்தில் எங்கள் ஒன்பது பேரின் பெயர்களையும் எழுதினாள். சண்டைகள் பாதியாகக் குறைந்தன.

மூன்றாம் சட்டம் இது: முதல் கல் அடுக்கியபின் வருகிறவர் அன்று ஆடக்கூடாது. ஒரே வாரத்தில் மூன்று நாள் அப்படி வந்தால் பெயர் அழிக்கப்படும்.

ஆறாம் சட்டம்: சூரிய சந்திரர் உள்ளவரை இந்தச் சட்டத்தை யாரும் மாற்றக்கூடாது.

லீலாபாய் திருவட்டாறு கோவிலுக்குப் போயிருந்தபோது, கல்வெட்டில் அப்படித்தான் எழுதுவார்கள் என்று யாரோ சொல்லக் கேட்டிருக்கிறாள். எங்களுக்கும் அது பிடித்திருந்தது. எல்லோரும் கை தூக்கினோம்.

பள்ளி நாட்களில் மாலையில் ஆடினோம். ஒரு தொந்தரவும் இல்லை. மே மாதம் விடுமுறை வந்தது. மத்தியானத்துக்குமேல் மலையிலிருந்து இடியும் மழையும் இறங்கிவிடும். அதனால் ஆட்டத்தைக் காலைக்கு மாற்றினோம்.

அங்கேதான் குளோரிக்குச் சிக்கல் வந்தது.

விடுமுறையில் அவள் அம்மாவோடு தோட்டத்துக்குப் போவாள். அம்மா விடியும்முன் கீறிவிட்ட மரங்களில், கட்டியிருக்கும் சிரட்டைகளில் வடிந்து நிற்கும் பாலையெல்லாம் வாளியில் ஊற்றி எடுக்க வேண்டும். அது முடிந்து அவள் ஓடிவரும்போது எங்கள் கல் எப்போதோ அடுக்கியாகியிருக்கும்.

திங்கட்கிழமை அப்படித்தான் வந்தாள். பாவாடையெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பால் காய்ந்து ஒட்டியிருந்தது.

"மூணாம் சட்டம்" என்றான் பகவதியப்பன். அவன்தான் எங்கள் தலைவன். அவனுடைய அப்பாவுக்குச் சந்தையில் வாழைக்குலைக் கடை உண்டு. கூட்டம் நடக்கும் நாளில் பழம் வரும். தலைவனாக இருக்க வேறென்ன வேண்டும்?

குளோரி ஒரு கல்லில் உட்கார்ந்து ஆட்டத்தைப் பார்த்தாள். அவள் சுற்றிய பந்து அவள் முன்னாலேயே துள்ளித் துள்ளிப் போயிற்று. அன்று நான் ஒரே பக்கத்தில் நிரந்தரமாக ஆடினேன். எட்டே பேர் இருந்தால் எனக்கும் ஒரு பக்கம் உண்டு.

செவ்வாய்க்கிழமையும் அதே கதை.

"நாளைக்கும் பிந்தினா பேரு போயிரும், கேட்டியா?" என்றான் பகவதியப்பன்.

"கேட்டேன்" என்றாள் குளோரி. "நாளைக்கும் பிந்தத்தான் செய்யும். வாளியோட அம்மைய அங்ஙன விட்டுட்டு வர முடியுமா?"

"அப்போ நான் என்ன செய்ய? சட்டம் கெடக்குல்லா."

"நான் ஒண்ணும் கேக்கல்லியே" என்று எழுந்து போனாள்.

லீலாபாய் அவள் போவதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சுவரில் தன் கையெழுத்தைப் பார்த்தாள். மூன்றாம் சட்டத்தைத்தான் அவள் மிக அழகாக எழுதியிருந்தாள். அதுவே அவளுக்கு இப்போது எரிச்சலாக இருந்தது.

"குமாரதாசு, இத எழுதுனது நான்தானே" என்றாள்.

"எழுத்து நல்லாத்தான் இருக்கு" என்றேன். என்னால் முடிந்த ஆறுதல் அதுதான்.

மத்தியானம் அவளுடைய பாவாடையைத் தைக்கக் கொடுக்க, இரண்டு பேரும் தையல்காரர் மரியஜான் கடைக்குப் போனோம். அந்தக் கடையில் தைக்க வருகிறவர்களைவிடப் பத்திரிகை கேட்க வருகிறவர்கள்தான் அதிகம். மரியஜான் அண்ணன் மிஷினை மிதித்துக்கொண்டே உரக்க வாசிப்பார். அதனால் சில சட்டைகளில் கை கொஞ்சம் நீளமாகிவிடும்.

அன்று ஒரு பெரியவர் கோபமாக இருந்தார். "என்னவே இது! நாட்டுக்குச் சட்டம் எழுதி ஒண்ணரை வருசம் ஆகல்ல. அதுக்குள்ள திருத்தப்போறோம்னு டெல்லியில பேச்சு. வீடு பால்காய்ச்சுன சூட்டோட ஒருத்தன் சன்னல இடிப்பானா?"

"சன்னல் எங்க வச்சா காத்து வரும்னு, வீட்டுல இருந்து பாத்தாத்தானவே தெரியும்" என்றார் மரியஜான் அண்ணன்.

"இவனுவ திருத்தப்போறது நல்லதுக்கா கெட்டதுக்கா?"

"அதுக்குத்தான் அவிய சண்டபோட்டுக்கிட்டுக் கெடக்காவ. ஆனா சும்மா நெனச்ச நேரத்துல மாத்த முடியாது, பாத்துக்கிடும். எப்பிடி மாத்தணும்னு அந்தச் சட்டத்துக்குள்ளயே எழுதி வச்சிருக்கு. முந்நூத்தி அறுவத்தெட்டாம் பிரிவு. சபையில மொத்தம் உள்ளவங்கள்ல பாதிக்கு மேல சம்மதிக்கணும். வந்து ஓட்டுப் போடுறவங்கள்ல மூணுல ரெண்டு பங்கும் சம்மதிக்கணும். சில காரியத்துக்கு மாகாணங்களும் சரின்னு சொல்லணும்."

முந்நூற்று அறுபத்தெட்டா என்று நான் மலைத்து நின்றேன். எங்களுக்கு ஆறே தாங்கவில்லை.

லீலாபாய் பாவாடையைக் கொடுக்காமலே வெளியே ஓடினாள். "குமாரதாசு! அவிய சட்டத்துல ஒரு வாசல் வச்சிருக்காவ. நான் வாசல் இல்லாம கட்டிட்டேன். வா, சபையக் கூட்டணும்!"

"இப்பமா? மழ வரப்போவுது."

"மழன்னாத்தான் குளோரி வீட்டுல இருப்பா."

அன்று சாயங்காலம் மழை கூரையில் கொட்ட, புகைக்கூடத்துக்குள் ஒன்பது பேரும் கூடினோம். பாதி இடம் ஒழுகியது. ஒழுகாத பாதியில் பகவதியப்பனும் பழங்களும் இருந்தன.

"மூணாம் சட்டத்த மாத்தணும்" என்றாள் லீலாபாய்.

பகவதியப்பன் ஆறாம் சட்டத்தைக் கையால் காட்டினான். "யாரு எழுதுனது இது? நீதானே? சூரிய சந்திரர் உள்ளவரை மாத்தப்பிடாது."

"இப்போ சூரியனையும் காணல்ல, சந்திரனையும் காணல்ல" என்று நான் மழையைக் காட்டினேன். என்னை எல்லோரும் வெளியே, அதாவது ஒழுகுகிற பக்கம், தள்ளினார்கள்.

"நான்தான் எழுதுனேன்" என்றாள் லீலாபாய். "எழுதும்போ எனக்கு ஒம்பது வயசு. விடியக்காலம் பால் எடுக்கப் போற பிள்ள ஒண்ணு நம்மகூட இருக்குன்னு நான் அப்போ நெனச்சுப் பாக்கல்ல. ஒம்பது வயசுக்காரி எழுதுனத பத்து வயசுக்காரி மாத்தப்பிடாதா?"

பகவதியப்பன் யோசித்தான். அவன் கெட்டவன் இல்லை. சட்டத்தை எடுத்துவிட்டால் பழைய சண்டையெல்லாம் திரும்ப வரும் என்று பயந்தான், அவ்வளவுதான்.

"அப்போ ஒவ்வொருத்தனும் தோத்த உடனே சட்டத்த மாத்தணும்பான். சங்கம் வெளங்குமா?"

"அதுனாலதான் வாசல் சின்னதா வைக்கணும். மூணுல ரெண்டு பங்கு பேரு கை தூக்கினா மட்டும் மாத்தலாம். அதுக்குக் கொறஞ்சா மாத்தப்பிடாது."

"ஒம்பதுல மூணுல ரெண்டு எத்தன?" என்று கேட்டேன். எனக்குப் பின்னம் வராது.

"ஆறு" என்று எட்டுப் பேரும் சொன்னார்கள்.

பகவதியப்பன் தலையாட்டினான். "ஆறுன்னா கொள்ளாம், சம்மதம். லேசுல நடக்காது." ஆறாம் சட்டத்தை எழுதிய நாளில் போலவே ஒன்பது கைகளும் உயர்ந்தன. லீலாபாய் சூரிய சந்திரரைத் துடைத்துவிட்டு, மூன்றில் இரண்டு பங்கை எழுதினாள்.

அடுத்தது மூன்றாம் சட்டம். அவள் நிமிர்ந்து நின்று வாசித்தாள்: "குளோரி மட்டும் எப்போது வந்தாலும் ஆடலாம்."

கைகள் எழுந்தன. லீலாபாய், நான், ராகேல், இன்னும் இரண்டு பேர். ஐந்து. பகவதியப்பனும் அவன் கூட்டாளிகள் இரண்டு பேரும் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார்கள். பரவாயில்லை, குளோரியின் கை ஒன்று உயர்ந்தால் ஆறு.

குளோரி கையைத் தூக்கவில்லை.

"ஏட்டி, உனக்காகத்தானே!" என்றாள் லீலாபாய்.

"அதான் வேண்டாம்" என்றாள் குளோரி. "எனக்குன்னு ஒரு வரி சுவத்துல கெடந்தா, நான் வரும்போதெல்லாம் எல்லாரும் அத வாசிப்பாவ. பாவம் பாத்து ஆடவிட்ட பிள்ளன்னு சொல்லுவாவ. அதுக்குப் பதிலா என் பேர அழிச்சிரு."

லீலாபாயின் முகம் சிவந்துபோயிற்று. நல்லது செய்யப்போய் அடி வாங்கினால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அவள் கரிக்கட்டியைக் கையில் உருட்டிக்கொண்டே சுவரைப் பார்த்து நின்றாள். பிறகு ராகேல் பக்கம் திரும்பினாள்.

"ராகேலு, உங்க அம்மைக்கு எப்போ பிள்ள பொறக்கும்?"

"அடுத்த மாசம்" என்றாள் ராகேல். "அப்போ காலையில கஞ்சி வைக்கிறது நான்தான்."

"அப்போ நீயும் பிந்துவ."

"பிந்துவேன்" என்றாள் ராகேல். அதை அவள் அப்போதுதான் நினைத்துப் பார்த்தாள்.

"குமாரதாசு, உனக்கு?"

"எங்க வீட்டு ஆடு கயித்த அறுத்துட்டு ஓடுனா நான்தான் பிடிக்கணும்" என்றேன். "அது என்னவிட நல்லா ஓடும்."

ஒவ்வொருவராகக் கேட்டாள். ஒருவனுக்குக் கிணற்றில் தண்ணீர் கோர வேண்டும். ஒருத்திக்குத் தம்பியை இடுப்பில் வைத்திருக்க வேண்டும்.

"எனக்கு ஒரு வேலயும் கெடையாது" என்றான் பகவதியப்பன். "எங்க கடையில ஆளு உண்டு."

லீலாபாய் அவனோடு வாதாடவில்லை. முதலில் வாசித்ததை விட்டுவிட்டு, புதிதாகச் சொன்னாள்: "வீட்டு வேலையால் பிந்தி வருகிறவர் யாரானாலும், அடுத்த ஆட்டத்தில் சேர்ந்துகொள்ளலாம். அது பிந்தியதாகாது." பிறகு குளோரியைப் பார்த்து மெதுவாக, "இதுல உனக்கப் பேரு இல்ல, பிள்ளே. எல்லாருக்கும் உள்ளதுதான்" என்றாள்.

"ஒறங்கிட்டுப் பிந்துறவனுக்கு இது கெடையாது. அதையும் எழுது" என்றான் பகவதியப்பன். எல்லோரும் ஏன் என்னைப் பார்த்தார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

"எழுதலாம்" என்றாள் லீலாபாய். "ஓட்டு!"

அவள் கை உயர்ந்தது. ராகேல் உயர்த்தினாள். எட்டுப் பேர் ஆட்டத்தில் எனக்குக் கிடைத்த நிரந்தர இடம் ஒரு நிமிஷம் என் கண்முன் வந்து நின்றது. அதற்கு வணக்கம் சொல்லிவிட்டு நானும் கையைத் தூக்கினேன். இன்னும் இரண்டு. ஐந்து.

எல்லோரும் குளோரியைப் பார்த்தோம். அவள் உடனே தூக்கவில்லை. சொன்னதை மனதுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்ப்பதுபோல உதடு அசைந்தது. பிறகு, பால் காய்ந்து தோலுரிந்த மாதிரி இருந்த அந்தக் கை மேலே போயிற்று.

"ஆறு!" என்று நான்தான் முதலில் கத்தினேன். பின்னம் வராவிட்டால் என்ன, எண்ண வரும்.

பகவதியப்பன் கை தூக்கவில்லை. ஆனால் தோற்றதற்காகப் பழத்தை எடுத்துக்கொண்டு போய்விடவும் இல்லை. "ஆறு ஆயாச்சுல்லா, எழுது" என்று கரிக்கட்டியை எடுத்து நீட்டினான்.

அன்று ராத்திரி முழுக்க மழை விடவில்லை. விடியும்போதுதான் ஓய்ந்தது. மரம் நனைந்திருந்தால் பால் வெட்ட முடியாது. அதனால் மறுநாள் எங்களுக்கெல்லாம் முன்னால் வந்து நின்றவள் குளோரி. கற்களைக் கழுவித் துடைத்து அவளே அடுக்கினாள். "நேத்து அவ்வளவு சண்ட போட்டதுக்கு, இண்ணைக்கு நான் பிந்தியாவது வந்திருக்கணும்" என்று சிரித்தாள்.

தலைவனை மட்டும் காணவில்லை. இரண்டு ஆட்டம் முடிந்தது. மூன்றாவது நடக்கும்போது பகவதியப்பன் மூச்சிரைக்க ஓடிவந்தான். சட்டையெல்லாம் வாழைக்கறை. கடையிலிருந்த ஆள் சரக்கு எடுக்க வடசேரிச் சந்தைக்குப் போய்விட்டானாம். குலையெல்லாம் இவனே இறக்கி அடுக்க வேண்டியிருந்ததாம்.

அவன் மைதானத்துக்குள் வரவில்லை. ஓரத்தில் கிடந்த கல்லில் போய் உட்கார்ந்தான். யார் முகத்தையும் பார்க்காமல், கையிலிருந்த கறையைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

ஆட்டம் முடிந்ததும் குளோரி பந்தை எடுத்துக்கொண்டு அவனிடம் போனாள்.

"எந்திரி மக்கா" என்றாள். "அடுத்த ஆட்டம் தொடங்கப்போவுது. நீ எங்க பக்கம்."