டர்போவின் இரண்டு வினாடி

தியாகு மின்தூக்கியை நெருங்கியபோது அது திறந்தே இருந்தது. ஐந்தாம் மாடியில் தன் மேசைக்குப் போய்ச் சேர்வதற்குள் காப்பி வந்துவிட்டிருந்தது. காப்பி வேண்டும் என்று அவன் அதுவரை நினைத்திருக்கவில்லை. இரண்டு வாய் குடித்த பிறகுதான், ஆமாம், இதைத்தான் கேட்டிருப்போம் என்று தோன்றியது.

கோயம்புத்தூரில் எல்லோருக்கும் அப்படித்தான் நடந்தது. ஓர் ஆசை நமக்கே தெரியவருவதற்கு இரண்டு வினாடி முன்பு மூளையில் அது கருக்கொள்ளத் தொடங்கிவிடுகிறது என்று யாரோ கண்டுபிடித்தார்கள். காதுக்குப் பின்னால் புளியங்கொட்டை அளவில் ஒட்டிக்கொண்டிருக்கும் முன்னுணரி அந்த இரண்டு வினாடியைப் பிடித்துக்கொண்டது. கதவுக்கும் வண்டிக்கும் சமையலறைக்கும் எழுதும் திரைக்கும் அதுவே முன்கூட்டிச் சொல்லிவிடும். பேச்சில் சொல் கிடைக்காமல் நாக்கு தடுமாறப் போகிறதென்றால், அந்தச் சொல்லையும் காதோரம் எடுத்துக் கொடுத்துவிடும். பதினொரு வருடங்களாக அந்த ஊரில் யாரும் எதற்காகவும் நின்றதில்லை. தண்ணீரில் மல்லாந்து மிதந்துகொண்டே தூங்குவது போல நாட்கள் போயின.

தியாகு பழைய பெட்ரோல் கார்களுக்கு மதிப்புச் சான்று எழுதுகிறவன். ஒரு பழைய கார் ஏன் விலை போகிறது என்பதற்கு அவனிடம் தெளிவான பதில்கள் இருந்தன. எத்தனை செய்தார்கள், அவற்றில் எத்தனை மிஞ்சியிருக்கின்றன, இன்ஜினில் பொறித்த எண்ணும் சட்டத்தில் பொறித்த எண்ணும் சேர்கின்றனவா, பெயிண்ட் தொழிற்சாலையில் அடித்ததுதானா. பந்தயத்தில் ஓடிய வண்டி என்றால் தனி மதிப்பு. இவற்றுக்கெல்லாம் மேலே ஒன்று உண்டு. பதினைந்து வயதில் எந்தக் காரின் படத்தைச் சுவரில் ஒட்டினார்களோ, கையில் காசு சேர்ந்த ஐம்பது வயதில் அந்தக் காரைத்தான் மனிதர்கள் தேடிப் போவார்கள்.

ஆரெட்டா டர்போ இந்த விதிக்குள் அடங்கவில்லை. 1987-இல் இத்தாலியில் செய்த கார். அதன் படத்தைச் சுவரில் ஒட்டிய தலைமுறை போய்ச் சேர்ந்துவிட்டது. விலை இறங்கியிருக்க வேண்டும். மாறாக மூன்றே வருடத்தில் ஒன்பது மடங்கு ஏறியிருந்தது. அதே நிறுவனம் பின்னால் செய்த இரட்டை டர்போ இன்னும் வேகமானது, எண்ணிக்கையிலும் குறைவு. அதை ஏறிட்டுப் பார்க்க ஆளில்லை.

"எல்லாக் காரணத்தையும் கழிச்சுப் பாத்தாச்சு," என்றாள் அவனுடைய பிரிவின் தலைவி மோகனா. "பாதி விலைக்குக் காரணமே கெடைக்கல. நம்ம விலைக் கணிப்பான் அந்த மிச்சத்துக்கு 'எச்சம்'னு பேரு வெச்சிருக்கு. நீ நேர்ல போய்ப் பாத்துட்டு வா. மரகதம்னு ஒருத்தங்க மூணு வண்டி வெச்சிருக்காங்களாம்."

மரகதம் பீளமேட்டில் பம்பு செட் கம்பெனி நடத்துகிறவள். வயது ஐம்பத்திரண்டு. பொதுச் சாலையில் பெட்ரோல் வண்டிகளுக்கு அனுமதி இல்லை என்பதால், அவளும் இன்னும் நான்கு பேரும் சேர்ந்து, கைவிடப்பட்ட தாழைமலைப் பாதையைக் குத்தகைக்கு எடுத்திருந்தார்கள். பன்னிரண்டு கொண்டை ஊசி வளைவுகள். அடிவாரத்தில் ஒரு இரும்புக் கேட், ஒரு தகரக் கொட்டகை.

தியாகு போய் இறங்கியபோது காலை ஏழு மணி. மலையை மஞ்சு மூடியிருந்தது. கொட்டகைக்குள் புகைநீல நிறத்தில் அந்தக் கார் தாழ்ந்து படுத்திருந்தது.

"வணக்கம் மேடம்."

"மேடமெல்லாம் வேண்டாமுங்க. அக்கான்னே கூப்புடுங்க." துணியில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "வெலை ஏன் ஏறுதுன்னு பாக்க வந்தீங்களாக்கும். காயிதத்தைப் பாக்கறீங்களா, வண்டியப் பாக்கறீங்களா?"

"ரெண்டையும் பாக்கணும்க்கா."

"வண்டியில உக்காருங்க மொதல்ல."

அவன் எண்களைச் சரிபார்த்தான். பெயிண்டின் தடிமனை அளந்தான். எல்லாம் சரியாக இருந்தது. ஆனால் ஒன்பது மடங்குக்கு அதில் எதுவும் இல்லை. பிறகு ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தான். காரோடு பேசிப் பார்த்த முன்னுணரிக்குப் பதில் வரவில்லை. அந்த வண்டியில் அதற்குக் காது கொடுக்க எந்த உறுப்பும் கிடையாது. சன்னமாக இரண்டு முறை முனகிவிட்டு அடங்கியது.

முதல் நான்கு வளைவுகளை மெதுவாக ஏறினார்கள். மஞ்சுக்குள் மரங்கள் ஒவ்வொன்றாக வந்து போயின. ஐந்தாவது வளைவு கடந்ததும் பாதை நேராக நீண்டது.

"இப்ப மிதிங்க," என்றாள் மரகதம்.

மிதித்தான். ஒன்றும் நடக்கவில்லை.

இன்ஜின் வெளியே தள்ளும் புகை ஒரு சின்னச் சக்கரத்தைச் சுற்றும். அந்தச் சக்கரம் வெளிக்காற்றை இழுத்து இன்ஜினுக்குள் திணிக்கும். அதுதான் டர்போ. ஆனால் மிதித்தவுடன் அந்தச் சக்கரத்தைச் சுற்றப் புகை போதாது. அது சோம்பல் முறித்துச் சுழல நேரம் பிடிக்கும். பழைய கார்களின் குறை என்று புத்தகங்களில் எழுதியிருந்ததை அவன் பலமுறை படித்திருக்கிறான். இரட்டை டர்போவில் அந்தக் குறையைத்தான் சரிசெய்தார்கள்.

படித்தது வேறு. இப்போது அவன் கால் தரையோடு அழுந்தியிருக்க, வண்டி அதுபாட்டுக்கு ஊர்ந்தது. ஏதோ பிசகிவிட்டதோ என்று நினைத்தான். வந்துவிடாதா என்று உடம்பை முன்னால் சாய்த்தான். எங்கோ தொலைவில், மூங்கில் துளையில் காற்று நுழைவது போல ஒரு சீழ்க்கை. பிறகு அந்தச் சீழ்க்கை உயர்ந்தது. முதுகில் யாரோ உள்ளங்கையை வைத்துத் தள்ளினார்கள். பாதையும் மஞ்சும் மரங்களும் மொத்தமாக அவனை நோக்கிப் பாய்ந்து வந்தன.

அடுத்த வளைவுக்கு முன் காலை எடுத்தபோது அவன் கண்களில் நீர் நிறைந்திருந்தது. பதினொரு வருடத்தில் முதல்முறையாக அவன் ஒன்றை விரும்பியிருந்தான். விரும்பி, அது கைக்கு வராமல், இரண்டு வினாடி இருந்திருந்தான்.

மலையுச்சியில் வண்டியை நிறுத்திவிட்டு இருவரும் கல்லில் உட்கார்ந்தார்கள். சூடான இன்ஜின் டிக் டிக்கென்று ஆறிக்கொண்டிருந்தது.

"இதுக்குத்தானா?" என்றான்.

"இதுக்குத்தானுங்க. எங்க அஞ்சு பேருல ஒருத்தருக்கும் வேகம் பெருசில்ல. மிதிச்சதும் ஒண்ணுமே வராம இருக்குது பாருங்க, அந்த நேரத்துல வருமா வராதான்னு நெசமாவே தெரியாது. எழுவது வருசத்துக்கும் மேல பழைய வண்டி, சில நாள் வராமயும் போயிருக்குது. நான் எறங்கித் தள்ளிருக்கேன்." சிரித்தாள். பிறகு அவன் முகத்தை நேராகப் பார்த்தாள். "இதை மட்டும் எழுதிராதீங்க."

"ஏன்க்கா? எழுதினா உங்க வண்டி மதிப்புத்தான் கூடும்."

"எழுதினா அதுக்கும் தெரிஞ்சு போயிருமுங்க." தன் காதுக்குப் பின்னால் விரலால் தட்டிக் காட்டினாள். அங்கே ஒன்றும் இல்லை. பழைய தழும்பு மட்டும் இருந்தது. "தெரிஞ்சா சும்மா இருக்காது."

"சரிக்கா. எழுதல," என்றான் தியாகு. அந்த நேரத்தில் அவன் உண்மையாகவே சொன்னான்.

மறுநாள் மேசையில் உட்கார்ந்து அறிக்கையைத் திறந்தான். தன் பிரிவில் பதினெட்டுப் பேர் தேடிக் கிடைக்காத ஒன்று தன் கையில் இருக்கிறது என்ற நினைப்பு மனதின் ஓரத்தில் மெல்லக் குறுகுறுத்தது. எழுதலாமா, கூடாதா என்று யோசிக்க ஆரம்பித்தான். யோசனை முடியவில்லை. திரையில் வாக்கியம் முடிந்திருந்தது. 'எச்சத்தின் காரணம்: மிதிப்பதற்கும் வேகம் வருவதற்கும் இடையே உள்ள இரண்டு வினாடிக் காத்திருப்பு. முன்னுணரிப் பயனர்களின் வாழ்வில் வேறெங்கும் இப்போது இது கிடைப்பதில்லை.' அதன் கீழே, அனுப்பப்பட்டது என்று பச்சை எழுத்தில் இருந்தது.

அவன் வெகுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் இன்னும் முடிவெடுக்கவில்லையே என்று தனக்குள் சொல்லிக்கொண்டான். மோகனா வந்து தோளில் தட்டினாள். அவனுடைய நிறுவனம் தன் அறிக்கைகளை விற்கும் வாடிக்கையாளர்களில் முன்னுணரி செய்கிறவர்களும் இருந்தார்கள். அன்று மாலையே அதை வாங்கிவிட்டார்கள்.

ஐந்து மாதம் கழித்து முன்னுணரிக்குப் புதிய பதிப்பு வந்தது. 'இதமான தாமதம்' என்று அதற்குப் பெயர். மின்தூக்கியின் முன் போய் நின்றால் கதவு உடனே திறக்காது. இரண்டு வினாடி. பிறகு திறக்கும். காப்பி வேண்டும் என்ற ஆசை மனதில் நன்றாக எழுந்து, கொஞ்சம் தவித்த பிறகு காப்பி வரும். ஒவ்வொருவருக்கும் எத்தனை நேரம் தவித்தால் இனிக்கும் என்று அது கற்றுக்கொண்டே போனது. சிலருக்கு ஒன்றேகால், சிலருக்கு மூன்று.

முதல் வாரம் ஊரே கனவில் நடப்பது போல இருந்தது. காந்திபுரத்தில் மூடிய கதவுகளின் முன் ஆட்கள் சிரித்த முகத்தோடு நின்றார்கள். காத்திருக்கும்போது பக்கத்தில் நிற்பவர்களை முதல்முறையாக ஏறிட்டுப் பார்த்துக்கொண்டார்கள். பேச்சும் மாறியது. முன்னுணரி சொல்லை உடனே எடுத்துக் கொடுக்காமல் சற்று நிறுத்தி வைத்தது. எல்லோரும் ஆழ்ந்து யோசித்துப் பேசுகிறவர்கள் போல ஆனார்கள். வாக்கியங்களின் நடுவே அழகான மௌனங்கள் விழுந்தன. புதிதாகக் காதலிப்பது போல இருக்கிறது என்று கணவன் மனைவிகள் சொல்லிக்கொண்டார்கள்.

ஆரெட்டாவின் விலை அந்த மாதமே சரிந்தது. வீட்டுக் கதவே தருகிற சுகத்துக்கு யார் பெட்ரோல் தேடி, மலையைக் குத்தகைக்கு எடுப்பார்கள்? மற்ற நான்கு பேரும் வண்டிகளை விற்றுவிட்டுக் குத்தகையிலிருந்து விலகினார்கள். மரகதம் தன் மூன்று வண்டிகளில் இரண்டை விற்றுப் பாதையைத் தக்கவைக்கப் பார்த்தாள். வந்த பணம் மழைக்காலத்து மண்சரிவை அள்ளவே போதவில்லை. கேட்டுக்கு வனத்துறை பூட்டுப் போடப்போவதாக மோகனாதான் பேச்சுவாக்கில் சொன்னாள். அப்போது அவள் தியாகுவின் பதவி உயர்வைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் அவன் தாழைமலைக்குப் போனான்.

மரகதம் கொட்டகையிலிருந்த சாமான்களைச் சுமை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் வாங்க என்றாள். கோபம் எதுவும் தெரியவில்லை. அதுதான் அவனுக்குக் கஷ்டமாக இருந்தது. ஒரு மரப்பெட்டியின் மறுமுனையைத் தூக்கிக் கொடுத்தான். ஏற்றி வைத்த பிறகு இருவரும் நிமிர்ந்தார்கள்.

"அக்கா, அந்த அறிக்கைய நான் எழுதல. நான் யோசிச்சுட்டுத்தான் இருந்தேன். அதுவா எழுதி அனுப்பிருச்சு."

"அது உங்க ஆசையத்தானுங்களே செய்யும்? இல்லாத ஒண்ண அது செய்யுமாங்க?"

அறிக்கை போன நாளிலிருந்து அதே கேள்வியைத்தான் அவனும் தன்னைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கணும்னு..." நிறுத்தினான். தொண்டை அடைத்தது. மலையிலிருந்து காற்று இறங்கி வந்து கொட்டகைத் தகரத்தை லேசாக அசைத்தது. "...ரொம்ப நாளா நெனச்சிட்டிருந்தேன்க்கா. நீங்க நம்பிச் சொன்னத நான் காப்பாத்தல."

மரகதம் சற்று நேரம் அவனையே பார்த்தாள். கண்டிக்கும் பார்வை இல்லை; வண்டியில் ஏதோ சத்தம் கேட்டு, எங்கிருந்து வருகிறது என்று கவனிப்பவளின் பார்வை.

"நல்லாச் சொன்னீங்க," என்றாள். "ஒண்ணு மட்டும் கேக்கட்டுமா? நடுவுல நிறுத்துனீங்களே. அது நீங்க நிறுத்துனதுங்களா, அது நிறுத்துனதா?"

தியாகு வாயைத் திறந்தான். தொண்டை அடைத்தது உண்மை. ஆனால் அந்தச் சொல் வராததால் அடைத்ததா, அடைத்ததால் சொல் வரவில்லையா? மனதின் அடிவரை போய்த் துழாவினான். எங்கே தான் முடிகிறோம், எங்கே அது தொடங்குகிறது என்று அங்கே எந்தக் கோடும் இல்லை.

"தெரியலக்கா," என்றான்.

அப்போதுதான் அதைக் கழற்றி எறிந்துவிட வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியது. அவ்வளவு வேகமாக அவன் எதையும் விரும்பியதில்லை. கை காதை நோக்கி எழுந்தது. ஒரு வினாடி. இரண்டு வினாடி. அது தோலோடு இறுகப் பிடித்திருந்தது. வராதோ என்று அவன் பயந்தான். விரல் நுனி படப்போகும் நேரத்தில், முன்னுணரி தானாகவே பிடியைத் தளர்த்தி, இதமான சூட்டோடு அவன் உள்ளங்கையில் விழுந்தது.

விடுபட்ட நிம்மதி உடம்பு முழுக்கப் பரவியது. அவ்வளவு இனிமையாக இருந்தது. அந்த இனிமை எங்கிருந்து வந்தது என்று மறுகணமே அவனுக்குப் புரிந்துவிட்டது.

மரகதம் குனிந்து அவன் உள்ளங்கையைப் பார்த்தாள்.

"உங்களுக்கு எவ்வளவு நேரம் வேணும்னு கரெக்டாத் தெரிஞ்சு வெச்சிருக்குதுங்க," என்றாள்.

அவன் ஏதாவது சொல்லியாக வேண்டும். சொல் எதுவும் கிடைக்கவில்லை. எடுத்துக் கொடுக்கவும் இப்போது யாரும் இல்லை. மரகதம் அடுத்த பெட்டியை எடுக்கக் கொட்டகைக்குள் போய்விட்டாள். கையில் அந்தச் சூடு ஆறும்வரை தியாகு அங்கேயே நின்றான். அது ஆற வெகுநேரம் ஆனது.