பக்கத்து சீட்டின் பாரம்

மாதக்கணக்காக யாருமே எடுக்கவில்லை என்று சொன்ன காரின் பானெட்டில் ஜெபமணி உள்ளங்கையை வைத்தபோது அது கதகதப்பாக இருந்தது.

பழைய கார் பார்க்கப் போனால் முதலில் பானெட்டைத் தொட்டுப் பார், சூடாக இருந்தால் எதையோ மறைக்க உனக்கு முன்னாலேயே ஸ்டார்ட் பண்ணியிருக்கிறார்கள் என்று பிம்ப்ரியில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் சலீம் சொல்லியிருந்தான். கூட வருவதாக இருந்தவன் காய்ச்சலில் படுத்துவிட்டான். தள்ளிப்போடவும் வழியில்லை. மனைவி ஜெனிபருக்கு ஏழாம் மாதம். இனி ஸ்கூட்டரில் ஏறவே கூடாதென்று டாக்டர் கண்டித்துவிட்டார்.

"வெயில்ல நின்னுண்டிருந்ததோன்னோ," என்றாள் ருக்மிணி மாமி. காரை விற்பவள்; கணவர் இறந்த பிறகு புனேயின் லோஹேகாவ் பகுதியில் தனியாக இருப்பவள். அந்த வாரம் முழுக்க ஊரில் வெயிலே அடிக்கவில்லை.

"ஒரு ரவுண்டு ஓட்டிப் பாக்கேன் மாமி."

மாமி பின்கதவைத் திறந்து ஏறிக்கொண்டாள்.

"முன்னால உக்காருங்களேன்."

"வேண்டாம். இங்கேயே இருக்கேன்."

விமானப்படைச் சுவரை ஒட்டிய சாலை முடிந்து வாகோலிப் பக்கம் திரும்பியதும் மழை வலுத்தது; கூரையில் விழும் தண்ணீரின் இரைச்சலும், தேய்ந்த வைப்பர் கண்ணாடியைக் கீறும் சத்தமும், அப்போதுதான் யாரோ தலையில் தேய்த்ததுபோல் புதிதாக வீசிய தேங்காய் எண்ணெய் வாசனையுமாக, ஆகஸ்ட் மாதத்துச் சாயங்காலம் காருக்குள் நெருக்கிக்கொண்டு வந்தது. எஞ்சினில் தட்டல் இல்லை. கிளட்ச் வழுக்கவில்லை. நேரான ரோட்டில் ஸ்டியரிங்கை ஒரு கணம் விட்டுப் பார்க்கச் சொல்லியிருந்தான் சலீம். விட்டான். கார் இடது பக்கம் சாய்ந்து ஓடியது.

"இடப்பக்கம் இழுக்கு மாமி. அலைன்மென்ட் பாக்கணும்."

"பாரம் அந்தப் பக்கம்தானே."

"என்ன பாரம்?"

மாமி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். "அவருக்கு ஓட்டத் தெரியாது. நான் ஓட்டணும், அவர் பக்கத்துல உக்காந்துண்டு வரணும். சாயங்காலம் ஆனா விடவே மாட்டார். போனப்பறமும் விடலை."

துக்கத்தில் பேசுகிறாள் என்றுதான் ஜெபமணி நினைக்கப் பார்த்தான். ஆனாலும் இடது சீட்டின் பக்கம் அவனால் திரும்ப முடியவில்லை. அந்தப் பக்கக் கை மட்டும் சில்லிட்டுப் போயிருந்தது.

"திரும்பிரலாம் மாமி," என்று வண்டியை ஓரங்கட்டினான். பிரேக் நன்றாகவே பிடித்தது.

பின்கதவு திறந்தது. மாமி மழையில் இறங்கி நின்றாள்.

"மாமி, எங்க போறீங்க?"

"ஒரு சாயங்காலம் விடாம ஓட்டிட்டேன். கை ஓஞ்சு போச்சுப்பா. இனிமே நீங்க பாத்துக்கோங்கோ."

தூங்கும் குழந்தையின் அறைக்கதவைச் சாத்துவதுபோல் மெதுவாகக் கதவைச் சாத்தினாள். வந்த வழியே நடந்தாள். குடைகூட இல்லை. திரும்பிப் பார்க்கவில்லை.

ஜெபமணி தன் பக்கக் கதவின் பிடியை இழுத்தான். திறக்கவில்லை. தோளால் முட்டினான். அசையவில்லை. கண்ணாடியை இறக்கும் கைப்பிடி பிடிப்பில்லாமல் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. எதிரே வந்த லாரியின் வெளிச்சம் காருக்குள் நிறைந்து வடிந்தது. அவன் கத்தினான். மழைச் சத்தத்தில் அது அவனுக்கே சரியாகக் கேட்கவில்லை.

சாவியைத் திருப்பி எடுத்தான். சாவி கையோடு வந்தது. எஞ்சின் நிற்கவில்லை.

இடப்பக்கம் ஸ்பிரிங் முனகியது. சீட் மெல்ல அமுங்கியது.

அந்தப் பக்கத்துக் கண்ணாடியில் மட்டும் மூச்சுப் படர்ந்தது. வட்டமாக. மறைந்தது. மறுபடி படர்ந்தது.

கார் நகர்ந்தது.

பிரேக்கை மிதித்தான். கால் தரைவரை இறங்கியது. கியரையாவது நியூட்ரலுக்குத் தள்ளலாம் என்று பார்க்காமலே இடது கையை நீட்டிப் பிடித்தான்.

கியர்க் குமிழ் இல்லை. விரல்கள் இருந்தன.

குளிர்ந்த விரல்கள். அவை நிதானமாகப் புரண்டு, அவன் விரல்களுக்கு நடுவே ஒவ்வொன்றாக நுழைந்து, கோத்துக்கொண்டன.