பூச்சரத்துக்கு ஏற்ற கத்தரி

கரிக்கலாம்பாக்கம் கடைத்தெருவில் பூ விற்பவர் தையலம்மாள். அவருடைய மகள் கார்த்திகா, பள்ளி அறிவியல் கண்காட்சிக்காகப் பூவாலேயே டி.என்.ஏ. இழை ஒன்றைக் கட்டி, ஈரத்துணியில் சுற்றி வைத்திருந்தாள்.

டி.என்.ஏ.வில் நான்கு எழுத்துகள். சரத்தில் நான்கு பூக்கள். வெள்ளைக் காக்கட்டான் மல்லி என்றால் ஏ, கனகாம்பரம் டி, டிசம்பர் பூ ஜி, மரிக்கொழுந்து சி.

டி.என்.ஏ.வை வெட்டும் நொதி கண்ட இடத்தில் வாய் வைக்காது. ஜி, ஏ, ஏ, டி, டி, சி என்று வந்தால் மட்டும் ஈகோ-ஆர்-ஒன் என்ற நொதி வெட்டும். அந்த வரிசையைச் சரத்தின் நடுவே வைத்திருந்தாள்.

காலையில் துணியைப் பிரித்தால், அவள் வைத்த வரிசையைக் காணோம். நான்கு பூவும் கதம்பம் போல மாறி மாறி அழகாக நின்றன.

"யம்மா, இன்னா பண்ண?"

"வெள்ளைக்குப் பக்கத்துல வெள்ளைய வச்சு கோணமாணலா கட்டியிருந்த. பூக்காரி பொண்ணு கட்டுன சரமாடி அது? பிரிச்சுக் கட்டிட்டேன்."

'ஈகோ-ஆர்-ஒன்' என்று அட்டையில் எழுதி ஒட்டிய கத்தரியோடு வந்த வகுப்புத் தோழன் கதிரவன் எட்டிப் பார்த்தான். "போச்சு. அத்த, நீங்க..."

கார்த்திகா அவன் காலை மிதித்தாள். அதற்குள் அம்மாவின் முகம் வாடிவிட்டது.

"கெடுத்துட்டேனாடி?"

கூடையில் வேறு பூ இல்லை. இதையே பிரித்துக் கட்ட நேரமும் இல்லை.

"சும்மா எங்கியாவது வெட்டுவோம். யாருக்குத் தெரியப்போவுது?" என்று கதிரவன் கிசுகிசுத்தான்.

"பொய் சொல்லணுமாடா? உலகத்துல ஒரு நொதிதான் இருக்கா இன்னா? யம்மா, போனைக் குடு. பூவை வரிசையா சொல்லு."

விஞ்ஞானிகள் கண்டுபிடித்த வெட்டு நொதிகளையெல்லாம் ஓரிடத்தில் திரட்டி வைத்த இணையதளத்தை டீச்சர் காட்டியிருந்தார். அம்மா சொல்லச் சொல்ல, பூவை எழுத்தாக்கித் தட்டினாள். தேடும் வட்டம் சுற்றிச் சுற்றி நின்றது.

"எஸ்-பி-எச்-ஒன்" என்று படித்தாள் கார்த்திகா. "மண்ணுல இருக்கிற நுண்ணுயிர்கிட்ட கிடைச்சதாம். யம்மா, நீ கட்டுன வரிசைய வெட்டவே ஒரு கத்தரி இருக்குது."

"ஒரு எடத்துலயா? சரம் நீட்டுக்கும் வெட்டுதே" என்றான் கதிரவன். முனகிக்கொண்டே கத்தரியில் இருந்த பெயர்மேல் புதுப் பெயர் எழுதிய தாளை ஒட்டினான்.

கண்காட்சியில் சரம் துண்டு துண்டாக விழுந்தது. சிறுமிகள் ஆளுக்கொரு துண்டு கேட்டு மொய்த்தார்கள். வேடிக்கை பார்க்க வந்த தையலம்மாள்தான் ஒவ்வொருத்திக்கும் தலையில் வைத்துவிட்டார்.

"எப்படி வெட்டினீங்க?" என்று கேட்டார் பக்கத்துப் பள்ளி டீச்சர்.

கார்த்திகா வாயைத் திறக்கும் முன்பே அம்மா முந்திக்கொண்டார்.

"கண்ட எடத்துல வெட்டாது டீச்சர். டிசம்பரு, மரிக்கொழுந்து, காக்கட்டான், கனகாம்பரம், டிசம்பரு, மரிக்கொழுந்து. அந்தக் கடைசி ரெண்டுக்கும் நடுவுலதான் வெட்டும்."