ஒரு படித் தவிடு

"பேரு எழுதுற இடத்துல ஒண்ணும் எழுதாம அப்படியே விட்டுட்டா... என்ன சார் ஆகும்?"

கண்ணாடித் தடுப்புக்குள் இருந்தவன் நிமிர்ந்தான். ஸ்ரீவில்லிபுத்தூர் நகராட்சியில் பிறப்பு, இறப்புப் பதிவுக்கான கவுண்டர் அது. வெளியே பெய்த ஐப்பசி மழையில் பாதியைத் துப்பட்டாவிலேயே கொண்டுவந்தவள் போல ஒருத்தி நின்றாள். அவள் இமை நுனியில் ஒரு சொட்டு... விழுவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது.

"பிள்ளைக்கு எத்தன மாசம்?"

"பதினோரு மாசம். என் அக்கா பொண்ணு."

"பதினோரு மாசமாவா பேரு வைக்கல? வருசத்துக்குள்ளன்னா சும்மாவே சேர்த்துரலாம். இந்தாங்க, அர்த்தத்தோட பேருப் புத்தகம் கெடக்கு. யாழினின்னு வைங்களேன், இந்த மாசம் மட்டும் பதினேழு யாழினி வந்தாச்சு."

"வேண்டாம் சார்."

"பேரு இல்லாம ஒரு பிள்ளை எப்படிம்மா வளரும்? பெத்தவுகளுக்கு அம்புட்டுச் சோம்பேறித்தனமா?"

காளீஸ்வரிக்குச் சுருக்கென்றது. மேஜையில் இருந்த பெயர்ப்பலகை கண்ணில் பட்டது. இ. தவிடன், கணினி இயக்குநர்.

"உங்களுக்குப் பேரு வெச்சவுகதான் சோம்பேறி! புத்தகத்துல உங்க பேருக்கு என்ன அர்த்தம் போட்டிருக்கு... மாட்டுத் தீவனம்னா?"

வரிசை கொல்லென்று சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை.

"அது புத்தகத்துல இருக்காதுங்க" என்றான், மெதுவாக.

அந்த மெதுவான குரல் பேருந்து நிறுத்தம் வரைக்கும் அவளோடு நடந்து வந்தது. ஏன் அப்படிச் சொன்னேன்... ராஜபாளையம் பஸ்ஸுக்காக நின்றபோது பக்கத்தில் ஒரு குடை வந்து நின்றது. அதன் கீழே அவன்!

"மருத்துவமனைச் சீட்ட விட்டுட்டு வந்துட்டீக."

"வரிசைய விட்டுட்டா வந்தீக?"

"பக்கத்துல இருக்கிறவர்கிட்ட சொல்லிட்டு வந்தேன். சீட்டுல பரிபூரணம்னு உங்க அக்கா பேரு இருந்துச்சு. கம்ப்யூட்டர்ல போட்டுப் பார்த்தேன். பிறப்புல மூணு... இறப்புல ரெண்டு." குடை அவள் பக்கம் சாய்ந்தது. அவன் தோள் நனைந்தது. "நான் பேசுனது தப்புங்க."

அந்த இமைச் சொட்டு இப்போது விழுந்தது.

"முதப் பிள்ளைக்குப் பதினாறாம் நாள் பேரு வெச்சோம் சார். இருபதாம் நாள் இல்ல. அடுத்ததுக்கும் காதுல மூணு தடவ பேரச் சொன்னோம்... அந்த வாரமே. இப்ப யாராவது தொட்டில்கிட்ட நின்னு கொஞ்சினாக்கூட அக்கா ஓடி வந்து வாயப் பொத்துதா. கூப்பிட்டா காதுல விழுந்திருமாம்... அதுக்கு. நானும் பிள்ளை மூக்குல விரல் வெச்சு மூச்சு வருதான்னு பார்த்துட்டுத்தான் தினமும் மில்லுக்குப் போறேன்."

அவன் மழையைப் பார்த்தபடியே சொன்னான்.

"எனக்கு முன்ன மூணு பேரு. ஒண்ணும் தங்கல. கூமாப்பட்டியில நான் பொறந்த அன்னைக்கே எங்கம்மா என்னைய வித்துட்டா. அடுத்த வீட்டுக் கருத்தையாவுக்கு, ஒரு படித் தவிட்டுக்கு. எமன் தேடி வந்தா, 'இருளம்மா வீட்டுல பிள்ளையே இல்லையே, இது கருத்தையா பிள்ளை'ன்னு சொல்லணுமாம். வாங்கினவருதான் பேரும் வெச்சாரு. அதான் தவிடன்."

"எமன் நம்பிட்டானா?"

"இருபத்தொம்பது வருசமா ஏமாந்துக்கிட்டிருக்கான்."

அழுகைக்கு நடுவே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பைப் பார்த்தவன், சொல்ல வந்ததை ஒருகணம் மறந்தான்.

"ஆனா... கல்யாணத்துக்கு முன்ன, யாராவது திரும்பத் தவிடு குடுத்து மீட்கணும். அதுக்குள்ள கருத்தையா போயிட்டாரு. எங்கம்மா இன்னைக்கும் 'என் மகன்'னு சொல்ல மாட்டா. பயம். கேட்டா, அடுத்த வீட்டுப் பிள்ளைம்பா."

பஸ் வந்துவிட்டது. அவள் படியில் கால் வைத்தாள்.

"ஏங்க... உங்க அக்கா பிள்ளைய நான் வாங்கிக்கிடட்டுமா?" என்றான் அவன்.

*

வெள்ளிக்கிழமை காலை ராஜபாளையத்துக்கு வந்தான். கையில் ஒரு முறம். முறத்தில் ஒரு படித் தவிடு.

பரிபூரணம் வாசற்படிக்கு உள்ளே நின்றாள். பிள்ளையை நீட்டினாள். தவிடு உள்ளே போனது. பிள்ளை வெளியே வந்தது. அவன் தோளில் ஏறியதும் அவன் காதைப் பிடித்து இழுத்தது.

"இது என் பிள்ளை" என்றான் தெருவுக்கே கேட்கும்படி. "எனக்கு வளர்க்கத் தோதில்ல. நீங்க வளர்த்துக் குடுங்க."

"பேரு?" என்றாள் பரிபூரணம். கண்களை இறுக மூடிக்கொண்டாள். "குப்பையோ கூளமோ... அசிங்கமா வைங்க தம்பி. அப்பத்தான் அது திரும்பிப் பார்க்காது."

"அசிங்கப் பேரோட பள்ளிக்கூடம் போன கஷ்டம் எனக்குத் தெரியும்க்கா. சமுத்திரவல்லி. எமன் வந்தாலும் அக்கரை எங்கன்னு தெரியாம திரும்பிப் போகட்டும்."

காளீஸ்வரி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த மனுசனையா அன்று வரிசையில் வைத்துச் சிரிக்க விட்டேன்...

அதன் பிறகு ஞாயிறுதோறும் 'என் பிள்ளைய' பார்க்க வந்தான். பிள்ளைக்குக் கிலுகிலுப்பை. காளீஸ்வரிக்குப் பால்கோவா.

"பிள்ளைக்குப் பல்லு வரலையே, அதான் கோவா உங்களுக்கு."

"பிள்ளைக்கு நாலு பல்லு வந்தாச்சு. வாங்கின பிள்ளையோட பல்லக்கூட எண்ணலையாக்கும்?"

"நான் எங்க... பிள்ளையவா பார்க்கேன்?"

அவள் முகம் சிவந்து உள்ளே ஓடினாள். அடுப்படியில் அக்கா நின்றுகொண்டிருந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"ஏட்டி... அவருகூட உனக்கு என்ன பேச்சு?"

காளீஸ்வரி தலை குனிந்ததே பதிலாகிவிட்டது.

"வேண்டாம்ட்டி! நல்ல மனுசன்தான், நான் இல்லன்னு சொல்லல. ஆனா அவரு இந்த வீட்டு மாப்பிள்ளையானா, வித்த பிள்ளை நம்ம குடும்பத்துக்குள்ளயே திரும்ப வந்துருமே. வித்ததே பொய்னு ஆயிருமே! எமனுக்கு நீயே வழி காட்டுதியா?"

அன்று மதியமே பிள்ளைக்கு உடம்பு அனலாகக் கொதித்தது.

ஆஸ்பத்திரியில் மூன்று நாள். காளீஸ்வரி கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்து, ஏறி இறங்கும் அந்தச் சின்ன வயிற்றையே எண்ணிக்கொண்டிருந்தாள். என்னால்தான்... நான் ஆசைப்பட்டதால்தான்... அவன் கூப்பிடக் கூப்பிட போனை அணைத்தாள். சாமி, எனக்கு அவுக வேண்டாம். இந்த மூச்சு மட்டும் நிக்காம இருந்தா போதும்.

மூன்றாம் நாள் நர்ஸ் சீட்டோடு வந்தாள். "சமுத்திரவல்லி... யாரோட பிள்ளைம்மா?"

பரிபூரணம் பாய்ந்து சொன்னாள். "தவிடன் பிள்ளை! எங்க பிள்ளை இல்ல. நாங்க வளர்க்கத்தான் செய்தோம்!"

நர்ஸ் விழித்தாள். நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "யாரு பிள்ளையா இருந்தா என்ன, காய்ச்சல் விட்டுருச்சு."

பரிபூரணம் தரையில் உட்கார்ந்து அழுதாள். காளீஸ்வரிக்கோ அந்த வார்த்தை மனசுக்குள் சுற்றிச் சுற்றி வந்தது. தவிடன் பிள்ளை...

வீட்டுக்கு வந்த மறுநாள் அக்காவின் அருகே உட்கார்ந்தாள்.

"அக்கா... கல்யாணம் ஆனா அவுகளா நம்ம வீட்டுக்கு வாராக? நான்லா அவுக வீட்டுக்குப் போறேன். பிள்ளை திரும்பி வரலையே. பிள்ளை எந்த வீட்டுக்குச் சொந்தமோ, அந்த வீட்டுக்கு நான் போறேன். அவ்வளவுதான்."

பரிபூரணத்தின் கை தொட்டில் கயிற்றுக்குப் போனது. தொட்டில் அசைந்தது. பிறகு அவன் கொடுத்த தவிடு இருந்த டப்பாவை எடுக்கக் காளீஸ்வரி கை நீட்டியபோது அக்கா அலறினாள்.

"அதத் தொடாதட்டி! அது பிள்ளை விலை. அது இந்த வீட்டவிட்டு வெளிய போகக்கூடாது!" குரல் தணிந்தது. "ரைஸ்மில்லுல... புதுசா வாங்கிக்கோ."

*

கவுண்டரில் அன்றும் வரிசை. வெளியே அன்றும் மழை. கண்ணாடித் தடுப்பின் கீழிருந்த இடைவெளி வழியாக ஒரு துணிப்பை உள்ளே வந்தது. நிமிர்ந்தவனின் கண்கள் கலங்கிச் சிவந்தன.

"பிள்ளை... நல்லா இருக்கா? ஆஸ்பத்திரிக்கு வந்தேன், உள்ள விடல. போனையும் எடுக்கல நீங்க..."

"உங்க மக நல்லா இருக்கா. பையப் பிரிங்க."

பிரித்தான். தவிடு.

"என்ன... பிள்ளைய மீட்க வந்தீகளா?" அவன் குரல் உடைந்தது.

"உங்கள வாங்க வந்தேன். இருபத்தொம்பது வருசமா மீட்க ஆளில்லாம கெடக்கீகள்ல? காலையிலேயே கூமாப்பட்டிக்குப் போய் உங்க அம்மாகிட்ட கேட்டுட்டேன். 'அடுத்த வீட்டுப் பிள்ளைய எங்கிட்ட ஏன்த்தா கேக்க'ன்னாக. சொல்லிட்டு... முந்தானையால வாயப் பொத்திக்கிட்டு அழுதாக."

அவன் உதட்டைக் கடித்தான்.

"எனக்கு இன்னும் பயம்தாங்க. நாளைக்குப் பிள்ளை தும்மினாலும் உயிரு போயிரும். இந்தப் பயத்தோடயே உங்கள எனக்குப் பிடிச்சிருக்கு. பயம் போன பொறவு சொல்லலாம்னு நெனச்சா... நான் எப்பவும் சொல்ல மாட்டேன்."

இந்த முறை வரிசை சிரிக்கவில்லை. அவன் தவிட்டில் விரல்களைப் புதைத்தான். முதன்முறையாகத் தன் விலையைத் தொடுகிறவன் போல.

"வாங்கினவுகதான் பேரு வைக்கணும். எனக்கு என்ன பேரு வைக்கப் போறீக?"

காளீஸ்வரி குனிந்தாள். கண்ணாடியில் இருந்த வட்டத் துளையில் வாயை வைத்தாள். தொட்டில் பிள்ளையின் காதில் சொல்வது போல... ஆனால் யார் காதில் விழுந்தாலும் விழட்டும் என்று, சத்தமாகவே, மூன்று முறை சொன்னாள்.

"தவிடன்... தவிடன்... தவிடன்."