யோகேஸ்வரியின் மாங்காய் மாலை

இருக்கன்குடிக்குப் போக வேண்டிய வேன் வாசலில் வந்து நின்று அரைமணி நேரமாகியும் பொன்னுத்தங்கத்தின் வீட்டிலிருந்து ஒருவரும் ஏறவில்லை. பேத்தி முத்துமாரிக்கு மூன்று வயது. மாரியம்மனுக்கு நேர்ந்தபடி இன்றைக்கு முடியிறக்கிக் காது குத்த வேண்டும். அதற்காக விருதுநகரிலிருந்து பிள்ளையோடு முதல்நாளே சிவகாசிக்கு வந்திருந்த மகள் நாகஜோதி, அண்ணன் பெண்டாட்டி யோகேஸ்வரியிடம் மாங்காய் மாலையை இரவல் கேட்டிருந்தாள். யோகேஸ்வரி தரமுடியாது என்று சொல்லிவிட்டாள்.

தன் கல்யாணப் பட்டைக் கட்டிக்கொள்ளச் சொன்னாள். தலைநிறையப் பூ வைத்துவிடுவதாகச் சொன்னாள். மாலை மட்டும் வேண்டாம் என்றாள். நாகஜோதிக்குக் கண் கலங்கிவிட்டது. மாமியார் வீட்டுச் சனமெல்லாம் கோயிலுக்கு வருகிற நாளில் மதினி இப்படிச் செய்யலாமா?

யோகேஸ்வரி நகையைப் பேணுகிற விதம் அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அடுப்படிக்குப் போகுமுன் எல்லாவற்றையும் கழற்றிவிடுவாள். பவுடரும் சென்ட்டும் காய்ந்த பிறகுதான் கழுத்தில் போடுவாள். விசேஷம் முடிந்து வந்தால் உட்காரக்கூட மாட்டாள். பழைய மல் துணியால் வியர்வையை ஒற்றி எடுத்து, ஒன்றோடொன்று உரசாமல் தனித்தனியாகப் பஞ்சில் சுற்றிப் பெட்டியில் வைப்பாள். மாமியாருக்கு அது நகைப் பைத்தியமாகத்தான் தெரிந்தது. இன்றைக்கு மனசில் இருந்ததெல்லாம் வாய்க்கு வந்துவிட்டது.

"நீ இந்த வீட்டுக்கு வந்து பதினோரு வருசம் ஆச்சு. அந்த நகையப் பாத்துக்கிடுற பக்குவத்துல பாதியாவது எங்க மேல காட்டியிருப்பியா?"

சொல்லிக்கொண்டே பொன்னுத்தங்கம் பீரோவைத் திறந்து, பெட்டியிலிருந்து மாலையை எடுத்து மகள் கழுத்தில் போட்டுவிட்டாள்.

யோகேஸ்வரி வேன் வரை பின்னாலேயே வந்தாள். "ஜோதி... தண்ணி மட்டும் படாமப் பாத்துக்கோ" என்றாள்.

"பட்டா கரைஞ்சா போயிரும்?" என்று கேட்டபடி மாமியார் வேனில் ஏறினாள்.

அச்சாபீஸ் நடத்துகிற யோகேஸ்வரியின் புருஷன் காசிராஜன் முன்சீட்டிலிருந்து திரும்பித் திரும்பிப் பார்த்தான். சொல்லிவிடட்டுமா என்று அவன் கண் கேட்டது. அவள் தலையை அசைத்து வேண்டாம் என்றாள். அந்த மாலையில் குந்துமணித் தங்கம்கூட இல்லை. கவரிங். இது அவர்கள் இருவருக்கு மட்டுமே தெரியும். ஆறு மாதத்தில் பல்லிளிக்கிற சாமானை மூன்று வருஷமாகத் தங்கம் மாதிரியே காப்பாற்றி வைத்திருந்தாள்.

கோயிலில் வெயில் ஏறிவிட்டது. நாகஜோதி பொங்கல் அடுப்புப் புகையில் நின்றாள். முடியிறக்கிய பிள்ளையைக் குழாயடிக்குத் தூக்கிப்போய்ச் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டினாள். பிள்ளை திமிறியதில் அவளும் நனைந்தாள். வெள்ளைத் துண்டால் கழுத்தை அழுத்தித் துடைத்தபோது துண்டில் கறுப்பாகக் கறை படிந்தது. மாங்காய்களின் விளிம்பில் செம்பு தெரிந்தது.

அதை முதலில் பார்த்தது அவள் மாமியார் வேலுத்தாய்.

"என்ன நாகஜோதி, மாலை இப்படி வெளுத்துப் போச்சு? ஒங்க வீட்ல போட்டு அனுப்புனதெல்லாம் இந்த மாதிரிதானா?"

சுற்றியிருந்த சனம் திரும்பிப் பார்த்தது. நாகஜோதி முகம் செத்துப் போய் நின்றாள். எது நடக்கக் கூடாதென்று காலையிலிருந்து யோகேஸ்வரி பயந்தாளோ அது நடந்துவிட்டது. ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல் அவள் முன்னால் வந்தாள்.

"அது என் மாலை, பெரியம்மா. ஜோதிக்கு ஒண்ணும் தெரியாது. என் தங்கத்தக் குடுக்க மனசில்லாம நான்தான் கவரிங்க மாத்தி வச்சேன்."

பொன்னுத்தங்கம் மருமகளை ஏற இறங்கப் பார்த்தாள். "இம்புட்டு மட்டமானவளா நீ?" என்றாள். யோகேஸ்வரி தலைகுனிந்து நின்றாள். அதற்கு மேல் காசிராஜனால் தாங்க முடியவில்லை.

"போதும் யோகேசு. இனிமே நான் வாயப் பொத்திக்கிட்டு இருக்க மாட்டேன்" என்றவன் அம்மாவிடம் திரும்பினான். "எம்மா, ஏழாம் மாசத்துல பெறந்த இந்தப் பிள்ளை நாப்பது நாளு மதுரை ஆஸ்பத்திரியில கண்ணாடிப் பெட்டிக்குள்ள கிடந்துச்சே, எத வச்சுக் காப்பாத்துனோம்னு நெனைக்கீக? அந்த வருசம் நமக்குக் காலண்டர் ஆர்டரே கிடையாது. இவ நகை அம்புட்டும் அதுக்குத்தான் போச்சு."

அன்றைக்கு நாகஜோதி பச்சை உடம்புக்காரி, தெரிந்தால் துடித்துப் போவாள் என்று யோகேஸ்வரிதான் அவன் வாயை அடைத்தாள் என்பதையும் சொன்னான். அதே அச்சில் கவரிங் வாங்கிப் போட்டுக்கொண்டு இத்தனை நாள் பேச்சுக் கேட்டதையும் சொன்னான்.

வேலுத்தாய் சம்பந்தி முகத்தைப் பார்க்க முடியாமல் அடுப்புப் பக்கம் போய்விட்டாள். பொன்னுத்தங்கம் மருமகளின் கையைப் பிடித்தாள்.

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேம்மா..."

யோகேஸ்வரி அப்போதுதான் அழுதாள். "சொல்லியிருந்தா, பேத்தியத் தூக்குறப்பல்லாம் நீங்க எங் கழுத்தத்தான் பாப்பீக அத்தை. பிள்ளையப் பாக்க மாட்டீக."

நாகஜோதி ஓடிவந்து மதினியின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

காது குத்த ஆசாரி கூப்பிட்டார். தாய்மாமன் மடியில்தான் பிள்ளையை உட்கார வைக்க வேண்டும். காசிராஜன் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டான். சந்தனம் பூசிய மொட்டைத் தலையோடு முத்துமாரியைத் தூக்கிவந்த நாகஜோதி அவன் எதிரே நின்றாள்.

"எந்திரிண்ணே. எம் பிள்ளை மதினி மடியில உக்காரட்டும்."

காசிராஜன் எழுந்து இடம் விட்டான். யோகேஸ்வரி உட்கார்ந்து பிள்ளையை வாங்கிக்கொண்டாள். ஊசி பட்டதும் முத்துமாரி வீறிட்டுக்கொண்டு அத்தையின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். தலைக்கு மேல் வெயில் சுட்டது. பொன்னுத்தங்கம் பக்கத்தில் வந்து, முந்தானையை விரித்து, இருவர் மேலும் நிழல் விழும்படி பிடித்துக்கொண்டு நின்றாள். இரண்டாவது காதும் குத்தி முடிகிறவரை கையை இறக்கவில்லை.