ஐந்தாவது பூச்சு

மூன்றாவது பூச்சு காய்ந்திருந்தது. அதன் நடுவில் ஒரு கட்டைவிரல் பதிந்திருந்தது.

பத்ரிநாத் பல்கூடத் தேய்க்காமல் பால்கனியில் நின்று அதைப் பார்த்தான். துணிக் கம்பியில் பேஸ் கிட்டாரின் மர உடல் தொங்கிக்கொண்டிருந்தது. அவர்கள் குடியிருந்த ஔந்த் பகுதியில் பன்னிரண்டு நாளாக விடாத மழை. அரை நாளில் காய வேண்டிய வார்னிஷ் இரண்டு நாள் எடுத்துக்கொண்டது. அதன் வாடை ஈரத்துணி வாடையோடு கலந்து வீடெல்லாம் பரவி, ரசத்தில்கூட ஏறியிருந்தது.

தினமும் பத்து மணி நேரம் திரையைப் பார்த்துக் களைத்துப்போகிறவன், கையால் எதையாவது செய்தால் மனசு தேறும் என்று யாரோ சொல்ல, இதைத் துண்டு துண்டாக ஒரு பெட்டியில் வரவழைத்திருந்தான். மர உடல், கழுத்து, நான்கு தடித்த கம்பிகள், ஒரு பை திருகுகள். தேறுவதாவது. எட்டு வயது மகள் தேஜுவோடு கழிய வேண்டிய அந்த ஒரு மணி நேரமும் உப்புத்தாளோடு போயிற்று. அவள் கதை கேட்டு வந்து நிற்பாள், நாளைக்கு என்பான். முடித்துவிட்டால் அவளுக்கு வாசித்துக் காட்டலாம் என்று தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டான்.

"தேஜு தொட்டாளா?"

"அவ விரல் இவ்ளோ பெருசா இருக்குமா?" என்றாள் மனைவி அம்ருதா. "நீங்கதான் தூக்கக் கலக்கத்துல தொட்டிருப்பீங்க. வேலியில போற ஓணானை எடுத்து வேட்டியில விட்டுக்கிட்டீங்க, இனி என்ன பண்றது."

அவன் உப்புத்தாளால் தேய்த்து அழித்து, நான்காவது பூச்சு பூசினான். இரண்டு நாள் கழித்துப் பார்த்தபோது முழுக் கை பதிந்திருந்தது. கட்டைவிரலின் குறுக்கே ஒரு சாய்ந்த கோடு; காலேஜில் பிளேடு கிழித்த அவனுடைய தழும்பு. அப்பாடா, நான்தான் என்று முதலில் நிம்மதியாக இருந்தது. தேய்க்க ஆரம்பித்தான். பறந்த தூள் மரத்தின் நிறத்தில் இல்லை. நகம் தீய்ந்த வாடை அடித்தது. மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு தேய்த்து முடித்தான்.

மறுநாள் ஆபீஸ் வாசலில் வருகைப் பதிவு இயந்திரம் அவன் விரலை ஏற்கவில்லை. மூன்று முறை சிவப்பு.

"உங்லி கிஸ் கயீ, சாப்" என்று சிரித்தார் செக்யூரிட்டி. விரல் தேய்ந்துவிட்டதாம்.

மரவேலைக்காரர்களுக்கு அப்படி ஆவதுண்டு என்று அவனும் கேள்விப்பட்டிருந்தான். லிஃப்டில் கையை வெளிச்சத்தில் பிடித்தான். ரேகைகள் இல்லை. சரி. ஆனால் தழும்பும் இல்லை. தழும்பு எப்படித் தேயும்? ஆனால் பயப்படவும் தெம்பு வேண்டும். எட்டாவது மாடிக்குப் போவதற்குள் மூன்று மெயில் வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை ஐந்தாவது பூச்சைப் பூசி, தலைவலி மாத்திரை போட்டுக்கொண்டு ஏழு மணிக்கே படுத்துவிட்டான்.

காலையில் தேஜு ஓடி வந்தாள். "அப்பா, நேத்து நீ சொன்ன ஸ்டோரி மஸ்த், சூப்பரா இருந்துச்சு. இன்னிக்கும் சொல்றியா?"

அவன் அம்ருதாவைப் பார்த்தான். "நானா சொன்னேன்?"

"பின்ன யாரு? ரொம்ப நாள் கழிச்சு சிரிச்சுப் பேசினீங்க." அவள் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. "அப்படியே இருங்களேன்."

பால்கனிக்குப் போனான். பூச்சு ஒரே இரவில் காய்ந்திருந்தது. கண்ணாடி மாதிரி. ஒரு பதிவும் இல்லை.

அன்று சாயங்காலம் திரும்பும்போது ஏழு மணி. லிஃப்டை விட்டு இறங்கியதுமே பாதங்களில் அது தெரிந்தது. கனமான ஒற்றை நாதம், தரை வழியாக. மறுபடி. மறுபடி.

அவன் இன்னும் கிட்டாரின் கழுத்தைப் பொருத்தவில்லை. கம்பி கட்டவில்லை.

வீட்டுக் கதவின் கைரேகைப் பூட்டில் விரலை வைத்தான். சிவப்பு. பேன்ட்டில் துடைத்துவிட்டு வைத்தான். சிவப்பு. இன்னொரு விரல். சிவப்பு.

உள்ளே தேஜு சிரித்தாள். அப்படி அவள் சிரித்து எவ்வளவு நாளாயிற்று. ஒரு கணம், அந்த ஒரு கணம், அவனுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

மணியை அழுத்தினான். நாதம் நின்றது.

சங்கிலி அளவுக்குக் கதவு திறந்தது. தேஜு எட்டிப் பார்த்தாள். அவன் முகத்தை, சட்டையை, மறுபடி முகத்தை.

"தேஜு. அப்பாதான்டா. கதவைத் திற."

அவள் ஒரு அடி பின்னால் நகர்ந்தாள். "அப்பா, யாரோ வந்திருக்காங்க."

காலடிகள். நிதானமான, களைப்பில்லாத காலடிகள். வார்னிஷ் வாடை. உள்ளே விளக்கு அந்த ஆளின் முதுகுக்குப் பின்னால் இருந்தது. முகம் தெரியவில்லை.

"கிஸ்ஸே மில்னா ஹை, பாய்சாப்?"

யாரைப் பார்க்கணும் என்று. கூரியர்காரர்களிடமும் வழி தப்பி வந்தவர்களிடமும் பத்ரிநாத் பேசும் அதே ஹிந்தி. அவன் குரல்.

வாயைத் திறந்தான். காற்றுதான் வந்தது.

"யாருப்பா அது?" என்றாள் தேஜு.

"தெரியலடா கண்ணா. பாவம், ரொம்ப டயர்டா இருக்கார்."

கதவு மெல்ல மூடிக்கொண்டு வந்தது. மிச்சமிருந்த இடைவெளியில், அந்த ஆளின் கட்டைவிரலைத் தேஜு தன் கை முழுக்கப் பிடித்துக்கொண்டிருந்தாள்.